'ஆர்டிபி இல்லை' என்று நின்ற பேய் விளையாட்டு

கல்லடியில் தம்பியின் பழைய லேப்டொப்பில், ரசிகர் ஒருவர் செய்து இலவசமாக விட்ட சின்னப் பேய்ப் புதிர் விளையாட்டைத் திறந்தால், ஆர்டிபி கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிட்டது. ஆர்பிஜி மேக்கர் விஎக்ஸ் ஏஸ் என்ற, விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளில் செய்த விளையாட்டு அது. அதில் செய்யும் விளையாட்டுகளுக்குப் பொதுவான படங்களும் ஒலிகளும் ஆர்டிபி தொகுப்பில்தான் இருக்கும். கோப்பின் அளவைக் குறைக்க, செய்பவர்கள் அதைச் சேர்க்காமல் விடுவதுண்டு. அந்தத் தொகுப்பு ஆர்பிஜி மேக்கரின் சொந்தத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, வேறெங்கும் எடுக்காதீர்கள். விஎக்ஸ் ஏஸுக்கு உரியதைத்தான் போட வேண்டும், ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி என்ற பழைய பதிப்பினுடையது உதவாது.

போட்டதும் திறந்தது. ஆல்ட், என்டர் சேர்த்து அழுத்தினால் முழுத்திரை. எஃப்12 மட்டும் வேண்டாம். சேமிக்காததெல்லாம் போய் முதல் திரை வந்துவிடும். அப்புறம், ஹெட்போன் கட்டாயம். கதவுப் புதிருக்கான விடை அந்தத் தட்டும் சத்தத்திலேயே இருக்கிறது, அருமையான வேலை!