ஜீன் நன்றாக இருந்தும் எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை: நாம் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீட்டு வாசல் கொடியில் ஒரே நாளில் 14 லம்பின் துணி காய்ந்ததை நான் எண்ணியிருக்கிறேன். அக்கா மகன், ஐந்து மாதம். பாட்டி மாந்தம் என்று வசம்பு சுட்டு வைத்தார், கிளினிக்கில் சளி மருந்து கொடுத்தார்கள், அப்புறம் நிமோனியா, மறுபடியும் வயிற்றுப்போக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனி நோயாகப் பார்த்ததுதான் முதல் தவறு. எடை ஏறாமல் இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றதும் நிம்மதியாகிவிடுவது. நாங்களும் அப்படித்தான் வீடு திரும்பினோம். அவனுக்கு வந்த இந்த நோயில், அதாவது கிருமியின் துண்டைத் தூக்கிக் காட்டும் எச்எல்ஏ என்ற புரதம் அணுக்களின் மேல் இல்லாமல் போகும் எச்எல்ஏ இரண்டாம் வகைக் குறைபாட்டில், மொத்த எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். வெள்ளணுக்களில் மற்றவற்றை ஏவிவிடும் சிடி4 அணுக்கள் குறைவா, இன்னொரு வகையான பி அணுக்களின் மேல் எச்எல்ஏ-டிஆர் என்ற அந்தப் புரத வகை இருக்கிறதா என்று, அணுக்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில் பார்த்தால்தான் தெரியும்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அந்த எச்எல்ஏ புரதத்தின் ஜீன்கள் 6வது குரோமோசோமில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள், வேலைக்குப் போகச் சொல்லத்தான் யாரும் இல்லை, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எஃப்எக்ஸ்5, ஆர்எஃப்எக்ஸ்ஏபி, ஆர்எஃப்எக்ஸ்ஏஎன்கே என்ற மூன்று புரதங்களும் சேர்ந்து எச்எல்ஏ ஜீனின் முகப்பில் உட்கார வேண்டும், சிஐஐடிஏ என்ற நாலாவது புரதம் வந்து அவற்றோடு சேர்ந்தால்தான் ஜீன் வேலையைத் தொடங்கும். இந்த நாலில் ஒன்று கெட்டாலும் போச்சு. சிஐஐடிஏவின் ஜீன் இருப்பதோ 16வது குரோமோசோமில். 1993இல் ஜெனீவாவில் பெர்னார்ட் மாக் என்ற விஞ்ஞானியின் குழு அதைக் கண்டுபிடித்தது. அதனால் எச்எல்ஏ ஜீனை மட்டும் பார்த்துவிட்டுப் பழுதில்லை என்று விட்டுவிடக் கூடாது, இந்த நாலையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

தாயைக் குறை சொல்வது பெரிய பாவம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான பிரதி வந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இது கூடுதலாக வரும், நம் வீடுகளில் மாமன் முறை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்பதும் தவறு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

தடுப்பூசி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பிசிஜி, ரோட்டா சொட்டு மருந்து போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகள் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாருக்குமே ஊசி வேண்டாம் என்று நிறுத்துவது அதைவிட மோசம், சுற்றி இருப்பவர்கள் நோயைக் கொண்டுவராமல் இருந்தால்தான் அவன் பிழைப்பான். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தானா என்று கேளுங்கள். நோயைத் தீர்க்கும் வழி எலும்பு மஜ்ஜை மாற்றுதான், அதுவும் நுரையீரல் கெடுவதற்கு முன்னால்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அக்கா பிரசவ வார்டிலேயே சொல்லி பிசிஜியை நிறுத்தி வைத்தாள், ரத்தச் சோதனை நன்றாக வந்த பிறகுதான் போட்டார்கள். இப்போது தங்கச்சியின் மஜ்ஜை அண்ணனுக்குப் பொருந்துமா என்று பார்க்கிறார்கள்.