மன்னார் வளைகுடா ஆய்வில் மூலம் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார் வளைகுடா பற்றிய ஆய்வேடுகள் பலவற்றில் முதல் அத்தியாயத்திலேயே “இங்கு 3,600 வகை உயிரினங்கள் உள்ளன” என்று ஒரு வரி வந்துவிடும். பக்கத்தில் ஒரு பெயர், ஓர் ஆண்டு. அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தால், பெரும்பாலும் அதை எழுதியவரும் எண்ணியிருக்க மாட்டார். இன்னொருவரைக் கைகாட்டுவார், அவர் வேறொருவரை. வேறு சில கட்டுரைகளில் அதே கடலுக்கு 4,223 என்று இருக்கும். எது சரி என்று கேட்பதற்கு முன்னால், யார் எண்ணினார்கள், எந்த ஆண்டு வரை, பாசியையும் பறவையையும் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் கைமாறி வந்த எண்ணை அப்படியே எழுதுவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன. படிக்காத கட்டுரையைத் துணைநூல் பட்டியலில் போடாதீர்கள். மூலம் கிடைக்கவில்லையா, எந்தக் கட்டுரை வழியாக எடுத்தீர்களோ அதைச் சொல்லிவிடுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

அடுத்தது எல்லை. 1961, 1971 கணக்கெடுப்பு அட்டவணையில் ராமநாதபுரம் மாவட்டம் என்று பார்த்ததும், அந்த எண்ணை இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். 1985இல் பிரிக்கும் வரை இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களும் அதற்குள்தான் இருந்தன. சிவகாசி, ராஜபாளையம், காரைக்குடி எல்லாம் சேர்ந்த மாவட்டத்தை இன்றைய கடலோர மாவட்டத்தோடு ஒப்பிட்டால் வரும் முடிவு எப்படி நிற்கும்? தாலுகா அளவுக் கணக்கை எடுத்து நீங்களே கூட்டிக்கொள்வதுதான் வழி. பழைய ஆங்கிலப் பதிவுகளைத் தேடும்போது ‘ராம்நாட்’ என்ற எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பாதிக்கு மேல் கண்ணில் படாது.

கடலுக்கும் இதே கதைதான். கட்டுரைத் தலைப்பில் மண்டபம் என்ற ஊர்ப்பெயர் இருந்தால் அது எந்தக் கடல்? வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்தே பேசுவார்கள். ஆய்வேடுகளில் தொண்டிப் பக்கத்துத் தரவு கீழக்கரைக்கு மேற்கோளாகிவிடுகிறது. ஆய்வுமுறைப் பகுதிக்குப் போய் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பாருங்கள். அப்படியே மாதிரி எடுத்த ஆண்டையும் பாருங்கள். வெளியான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. 2010இலும் 2016இலும் இங்கே பவளப்பாறைகள் கடுமையாக வெளிறின. அதற்கு முன் அளந்ததை ‘இன்றைய நிலை’ என்று எழுதினால் அந்த அத்தியாயமே தப்பாகிவிடும்.

ஒரு பக்கத்தை மட்டும் படிப்பதும் இங்கே அதிகம். கடலில் வளர்த்து விற்கப்படும் கப்பாஃபைகஸ் என்ற பாசி, குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்ததைக் காட்டிய கட்டுரை 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. அதை மட்டும் படித்தவர் பாசி வளர்ப்பே கூடாது என்று எழுதுகிறார். பாசி வளர்ப்பில் பெண்களுக்குக் கிடைத்த வருமானத்தை ஆராய்ந்த கட்டுரைகளை மட்டும் படித்தவர் பவளத்தைப் பற்றி மூச்சே விடுவதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நிதி கொடுத்தது யார் என்று நன்றியுரைப் பகுதியில் பாருங்கள்.

ஆய்விதழ் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருப்பதும் ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதும் தரத்துக்குச் சான்று அல்ல. அந்த எண் வெறும் பதிவு எண். அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலை மட்டும் நம்பியும் பயனில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு வந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டுவிட்டது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் அந்தத் துறையில் வேலை செய்பவர்களா, பணம் கட்டிய சில நாட்களில் ஏற்றுக்கொள்கிறார்களா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரும் தரம் பார்த்துச் சேர்ப்பதில்லை, நல்லதும் மோசமானதும் ஒரே வரிசையில் வரும். செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுத்த மேற்கோள் என்றால், டிஓஐ என்ற கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணைப் போட்டு அந்தக் கட்டுரை உண்மையில் திறக்கிறதா என்று பார்க்காமல் தொடவே தொடாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் அது கொடுத்துவிடும்.

முழுக் கட்டுரை கிடைக்கவில்லை என்று சுருக்கத்தை மட்டும் படித்து முடித்துவிடுவது கடைசித் தவறு. 1947இல் தொடங்கி, பல ஆண்டுகள் மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய வெளியீடுகள் பல, அதன் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. அரசு நிறுவனத்தில் படிப்பவர்கள், ஆய்விதழ்களைப் படிக்க வழிசெய்யும், 2025இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் தங்கள் நிறுவனம் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அப்புறமும் கிடைக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், பலர் மறுக்காமல் அனுப்பிவைப்பார்கள். எங்கே, எந்த மாதம் மாதிரி எடுத்தார்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.