கைக்குழந்தையின் அறையைக் கதகதப்பாக்கும்போது நேரும் தவறுகள்

சென்னையில் ஜனவரி மாத இரவுகளில்கூட வெப்பநிலை சராசரியாக 21 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் இறங்குகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓதம் ஏறிய சுவரும், சிமென்ட் ஷீட் கூரையும், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையோரத் தெருக்களில் விடியற்காலையில் புகும் வாடைக்காற்றும் சேர்ந்துவிட்டால், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு அந்த வீடு மெய்யாகவே குளிர்ந்த வீடுதான். பெரியவர்களைப் போல உடல் நடுங்கி வெப்பம் உண்டாக்கிக்கொள்ளப் பச்சிளங்குழந்தையால் இயலாது. கழுத்து, தோள், முதுகுப் பகுதிகளில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்தே அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடமும், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தையிடமும் அந்தக் கொழுப்பு போதுமான அளவு இருப்பதில்லை. ஆகவே வீட்டில் இருக்கும் ஆயாவின் கவலையைப் பழைய பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. குளிரை விரட்ட நாம் கையில் எடுக்கும் வழிகளில் சில குளிரைவிடக் கொடியவை என்பதைத்தான் அவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவற்றுள் முதலாவது புகையும் நெருப்பும். கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு இரும்புச் சட்டியில் கரித்தணல் வைப்பது, ஒற்றை அறை வீட்டில் கேஸ் அடுப்பைச் சிறு தீயில் எரியவிட்டு அறையைச் சூடாக்குவது, மழைநாளில் மின்சாரம் போனதும் ஜெனரேட்டரை நடையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டுவது ஆகிய மூன்றுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிபொருள் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலாக அதைப் பற்றிக்கொள்கிறது. பெரியவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் முன்னறிவிப்பாக வரும். வேகமாக மூச்சுவிடும் குழந்தை அந்த நச்சை விரைவாக உள்வாங்கினாலும் அதனால் எதையும் சொல்ல முடியாது, தூங்குவதாகவே நாம் எண்ணிக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையின் பல தெருக்களில் வெள்ளமும் மின்தடையும் நாள்கணக்கில் நீடித்தன. அப்படிப்பட்ட நாட்களில் ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, சன்னலிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் இருக்க வேண்டும்.

சாம்பிராணியும் இந்த வரிசையில்தான் வருகிறது. குளிப்பாட்டியதும் தலைமுடியின் ஈரம் காய வேண்டும், சளி பிடிக்கக் கூடாது என்பதே அந்த வழக்கத்தின் நோக்கம். நோக்கம் சரியானது, ஆனால் ஈரத்தைப் போக்கும் வேலையை உலர்ந்த பருத்தித் துண்டு இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். புகையில் உள்ள நுண்துகள்கள் குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழாய்களில் படிந்து இருமலையும் இளைப்பையும் வரவழைக்கின்றன. எந்தச் சளிக்கு அஞ்சிப் புகை போட்டோமோ, அதே சளி நீடிக்க அதுவே காரணமாகிவிடும். சன்னலை அடைத்த அறையில் இரவு முழுவதும் எரியும் கொசுவர்த்திச் சுருளுக்கும் இது பொருந்தும். மழைக்காலம் டெங்கு பரவும் காலம் என்பதால் கொசுவிடமிருந்து காப்பு கட்டாயம் தேவை; அதற்குக் கொசுவலையே நல்லது. 2015-இல் தொடங்கிய திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு வழங்கப்பட்ட 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகத்திலேயே கொசுவலை இருந்தது.

அடுத்தது மின்சாதனங்கள். 2000 வாட் ஹீட்டர் நம் 230 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ அதைச் செருகினால் ஒயர் சூடேறி உருகும். பழைய ஒயரிங் உள்ள வண்ணாரப்பேட்டை, இராயபுரம் வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஹீட்டர் தவிர்க்க முடியாததாக இருந்தால் 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகி, துணி, திரை, படுக்கை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி வைத்து, குழந்தையைக் கிடத்துவதற்கு முன் அறையைச் சூடாக்கிவிட்டு நிறுத்திவிட வேண்டும். குழந்தையின் தலைமாட்டில் குண்டு பல்பைத் தொங்கவிடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடலாம். அருகில் இருந்தால் தோல் சுடும், தள்ளி இருந்தால் பயனில்லை. வெந்நீர்ப் பையால் படுக்கையை முன்கூட்டியே சூடாக்கலாம், ஆனால் குழந்தையைப் படுக்க வைக்கும் முன் பையை எடுத்துவிட வேண்டும்.

மிகப் பரவலான தவறு அளவுக்கு மீறிப் போர்த்துவது. கம்பளிக் குல்லா, ஸ்வெட்டர், காலுறை, அதன்மேல் இறுகச் சுற்றிய துண்டு, அதற்கும் மேல் ஒரு கம்பளி என்று அடுக்கி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, நான்கைந்து பேர் படுத்திருக்கும் அடைத்த அறையில் குழந்தையைத் தூங்க வைப்பது சென்னைத் தட்பவெப்பத்துக்குச் சற்றும் ஒவ்வாதது. குழந்தை தன் உடற்சூட்டைத் தலை வழியாகவே பெருமளவு வெளியேற்றுகிறது. தூங்கும்போது தலையை மூடிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. உடல் அளவுக்கு மீறிச் சூடாவது, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரணத்தின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது மருத்துவ உலகம் உறுதிசெய்துள்ள செய்தி. தளர்ந்த போர்வை முகத்தின்மேல் ஏறினால் மூச்சுமுட்டும் ஆபத்தும் உண்டு. தூளிக்குள் கம்பளியை விரித்து, மேற்புறத்தையும் துணியால் மூடுவது இவ்விரண்டு ஆபத்துகளையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. நாம் அந்த அறையில் எத்தனை அடுக்கு ஆடை அணிந்திருக்கிறோமோ, அதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் குழந்தைக்குப் போதும். சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்குக் குல்லா போடும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அதை அவர் சொன்ன காலம்வரை பின்பற்றலாம்.

இவ்வளவு போர்த்துவதற்கும் பெரும்பாலும் தொடக்கம் கையையும் காலையும் தொட்டுப் பார்ப்பதுதான். ஆரோக்கியமான குழந்தைக்கும் உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருக்கும். மார்பையோ பிடரியையோ புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே இதமான சூடு இருந்தால் போதுமானது. வியர்வையோ, ஈரமான முடியோ, சிவந்த முகமோ இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். வெப்பமானி இருந்தால் அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இயல்பானது. பிறந்த முதல் சில நாட்களில் அறை 25 முதல் 28 டிகிரி வரை இருப்பது நலம். ஏசி இருந்தால் அதன் காற்று குழந்தையின்மேல் நேராகப் படக்கூடாது.

நம் ஊரில் குழந்தையின் சூட்டை உண்மையில் உறிஞ்சுவது காற்றைக் காட்டிலும் ஈரமே. கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் துணி காயாமல் போகும்போது, அரைகுறையாக உலர்ந்த சட்டையைப் போட்டுவிடுவதும், குழந்தை படுத்திருக்கும் அறையிலேயே கொடி கட்டி ஈரத்துணியைக் காயவைப்பதும் பெருந்தவறு. அந்தச் சிறிய சட்டைகளை இஸ்திரி போட்டு உலர்த்திக்கொள்ளலாம். சிறுநீரில் நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும். ஓதம் ஏறிய சுவரை ஒட்டியோ, வெறுந்தரையில் ஒற்றைப் பாய் விரித்தோ குழந்தையைக் கிடத்தக் கூடாது. பிறந்த பின் முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் பிறகும் வெயில் ஏறிய நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, விரைவாகக் குளிப்பாட்டி, முதலில் தலையைத் துவட்ட வேண்டும். எடை குறைந்த குழந்தையை மருத்துவர் சொல்லும்வரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்தாலே போதும்.

மார்பைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால், ஹீட்டரைத் தேடுவதற்கு முன் குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மேல், தோலோடு தோல் படுமாறு கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். மூக்கும் வாயும் திறந்தே இருக்க வேண்டும். கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில், பச்சிளங்குழந்தைகளைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் போதாத நிலையில் 1978-இல் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய கங்காரு பராமரிப்பு இதுதான். தந்தையும் இதைச் செய்யலாம். செய்பவருக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றினால் விழித்திருக்கும் ஒருவரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். கூடவே தாய்ப்பால் கொடுப்பது உடல் வெப்பம் உண்டாக்கத் தேவையான எரிபொருளைத் தருகிறது. இப்படிச் செய்தும் சூடு ஏறாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, பால் உறிஞ்ச மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் இரவிலும் வரும்; வண்டி வந்து சேரும்வரையும், வழியிலும் குழந்தை அந்த மார்புச்சூட்டிலேயே இருக்கட்டும்.