பழைய மிரர் படகைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தில் செய்த சிறிய பாய்மரப் படகுகள் பெரும்பாலும் கடலில் அழிவதில்லை. வீட்டுப் பின்புறத்தில், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில், அடித்தளத்தில் தேங்கிய மழைநீரோடு நான்கைந்து குளிர்காலங்களைக் கழித்துத்தான் அவை அழிகின்றன. மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சையை உப்புநீர் ஓரளவு தடுக்கும். மழைநீருக்கு அந்தக் குணம் கிடையாது. மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வேரூன்றாது என்பதால், பழைய படகைப் புதுப்பிக்க இறங்குபவர் ஒவ்வொரு வேலைக்கும் முன் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நீரை வெளியே நிறுத்துகிறதா, ஏற்கெனவே உள்ளே இருக்கும் நீரைப் பூட்டி வைக்கிறதா? கீழே சொல்லப்படும் தவறுகளில் பலவும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் நேர்பவை.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு படகை முன்னிறுத்திப் பேசுவது தெளிவாக இருக்கும் என்பதால் மிரர் படகை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் 'டெய்லி மிரர்' நாளிதழின் முயற்சியில், தொலைக்காட்சியில் வீட்டுப் பராமரிப்பு நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற பேரி பக்னெலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் 1962இல் உருவாக்கிய படகு இது. நீளம் 3.3 மீட்டர், வெற்றுடலின் எடை 45.5 கிலோ, பாய்கள் சிவப்பு. தச்சு வேலை தெரியாதவரும் வீட்டில் கட்டிக்கொள்ளும்படி, மெல்லிய ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழைப் பட்டையைப் பாலியெஸ்டர் பிசினால் ஒட்டிவிடுவதே இதன் கட்டுமுறை. 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாயின. ஹோல்ட்டின் மற்றொரு படைப்பான என்டர்பிரைஸ் இந்தியாவுக்கும் பழக்கமானது. 1982இல் இந்தியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்த வகுப்பில் தங்கம் வென்றவர்கள் பாகிஸ்தானின் பைரம் அவாரியும் அவர் மனைவி கோஷ்பி அவாரியும். அக்காலத்து ஒட்டுப்பலகைப் படகுகளின் நோய்கள் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மிரருக்குச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

வண்ணப்பூச்சைப் பார்த்து ஏமாறுதல்

விற்பதற்கு முன் புதிதாகப் பூசப்பட்ட படகைவிட, வண்ணம் உரிந்து கிடக்கும் படகே நேர்மையானது. உரிந்த இடத்தில் மரம் தெரிகிறது. புதுப்பூச்சு எதை மறைக்கிறது என்பது தெரிவதில்லை. ஆகவே கண்ணை நம்பாமல் காதையும் குத்தூசியையும் நம்ப வேண்டும். ஒரு நாணயத்தாலோ திருப்புளியின் கைப்பிடியாலோ பலகையைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். இற்ற இடமும் அடுக்குகள் பிரிந்த இடமும் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் குத்தூசி எதிர்ப்பின்றி இறங்கினால் ஐயத்துக்கு இடமில்லை. முதலில் பார்க்க வேண்டியவை நீர் வடிந்து வந்து நிற்கும் தாழ்ந்த மூலைகள்: கடையால் பலகையின் அடிமூலைகள், மிரருக்கே உரிய தட்டையான அணியப் பலகையின் உட்புறம், படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் செருகுபலகை நடுவே இறங்கும் பெட்டியின் அடி, பாய்மரம் ஊன்றும் இடம். நம் கடற்கரையில் படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியைக் கடையால் என்றும் சொல்வார்கள்; அந்தச் சொற்களையே இங்கும் கையாள்கிறேன்.

மிரரின் முன்னும் பின்னும் இரு பக்கங்களிலும் மூடிய காற்றறைகள் உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் காப்பவை அவைதான். படகை மெல்ல மெல்லக் கொல்பவையும் அவைதான். மூடியைத் திறந்து, விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு உள்ளே பார்க்காமல் வாங்குவது பெரிய தவறு. மூடியைத் திறந்ததும் வரும் காளான் வாசனையே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகப் படகைக் கரையில் வைத்துக் குழாய்நீரை நிரப்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. நூறு லிட்டர் நீர் என்பது நூறு கிலோ. வெற்றுடலின் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். நீரில் மிதக்கும்போது படகின் உடல் முழுவதும் தாங்கப்படுகிறது. டிரெய்லரில் இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே தாங்கப்படுகிறது. ஒழுகாத தையலும் அந்தச் சுமையில் விரிசல் விடும். பல்லாண்டு பழைய மரத்துக்கு இன்னொரு குளியலும் கிடைத்துவிடும்.

காயவிடாமல் வேலை தொடங்குதல்

பழைய படகு கைக்கு வந்த அந்த வாரமே உப்புத்தாளும் தூரிகையுமாக இறங்கிவிடும் உற்சாகம் எல்லோருக்கும் வருவது. ஆனால் முதல் வேலை, வேலை எதுவும் செய்யாமல் இருப்பதுதான். இணைப்புப் பொருள்களைக் கழற்றி, எல்லா மூடிகளையும் திறந்து, கூரைக்கு அடியில் காற்றோட்டமாகச் சாய்த்து வைத்து, சில வாரங்கள், குளிர்நாடுகளில் சில மாதங்கள்கூட, அப்படியே விட்டுவிட வேண்டும். கட்டுமான மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. ஒரே இடத்தை வாரந்தோறும் அளந்து குறித்துவைத்தால், எண் இறங்குவது நின்ற நாளைக் கண்டுகொள்ளலாம். வெப்பக்காற்றுக் கருவியால் ஒரே நாளில் உலர்த்த முயன்றால் மேலடுக்கு சுருங்கி வெடிக்கும், உள்ளடுக்கு ஈரமாகவே இருக்கும்.

இற்றுப்போன மரத்தை என்ன செய்வது என்பதில்தான் தவறான அறிவுரை மிகுதியாக உலவுகிறது. எபாக்ஸி என்னும் பிசினை நீர்போல் மெல்லியதாக ஊற்றினால் அது பஞ்சுபோன ஒட்டுப்பலகைக்குள் ஊறி இறுகி மரத்தைக் காப்பாற்றிவிடும் என்கிறார்கள். ஊறுவது உண்மை; இறுகுவதும் உண்மை. ஆனால் இற்ற மரத்தின் இழைகள் ஏற்கெனவே அறுந்துவிட்டவை; அவற்றைச் சுற்றிப் பிசின் இறுகுவதால் பலகையின் பழைய வலிமை திரும்புவதில்லை. அதோடு, பிசின் எட்டாத ஆழத்தில் தங்கிவிட்ட ஈரமும் பூஞ்சையும் நிம்மதியாகத் தம் வேலையைத் தொடர்கின்றன. அழுத்தம் விழாத அலங்கார மூலையில் இந்த வைத்தியத்தைச் செய்வதை நான் குறைசொல்ல மாட்டேன். அடித்தளத்திலும் பாய்மரத்தைத் தாங்கும் இடத்திலும் அதைச் செய்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

வெட்டி எடுப்பதுதான் வழி. வெட்டும்போதும் இற்ற பகுதியின் விளிம்போடு நிறுத்திக்கொள்ளாமல், நல்ல மரத்துக்குள் சில அங்குலம் போய் வெட்ட வேண்டும். ஏனெனில் கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் ஓரத்திலும் பூஞ்சையின் இழைகள் ஊடுருவியிருக்கும். புதுத் துண்டை விளிம்போடு விளிம்பு முட்டவைத்து ஒட்டுவது அடுத்த தவறு. இரண்டு விளிம்புகளையும் தடிப்பைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஒட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் பலகை என்றால் சரிவு 40 மில்லிமீட்டர். அதற்குப் பொறுமையில்லை என்றால், உட்புறத்தில் ஒரு பின்துண்டையாவது வைத்து ஒட்ட வேண்டும். பலகை வாங்கும்போதும் சிக்கனம் கூடாது. மரச்சாமான் செய்யும் ஒட்டுப்பலகையின் நடு அடுக்குகளில் வெற்றிடங்கள் இருக்கும். ஒரு திருகாணித் துளை வழியாகப் புகுந்த நீர் அந்தச் சந்துகளில் ஓடிப் பலகை முழுவதும் பரவிவிடும். கடல்வேலைக்கான பிஎஸ் 1088 என்னும் பிரிட்டிஷ் தரத்துப் பலகையை நம்பகமான கடையில் கேட்டு வாங்குவது நல்லது. முத்திரையை மட்டும் நம்பாமல், துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தையும் பார்ப்பது இன்னும் நல்லது.

பிசின்களைக் குழப்பிக்கொள்ளுதல்

மிரர் பாலியெஸ்டரில் கட்டப்பட்டது என்பதால் பழுதுக்கும் பாலியெஸ்டரே பொருத்தம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மரத்தோடு பாலியெஸ்டரின் பிடிப்பு எபாக்ஸியின் பிடிப்புக்கு இணையாகாது. பழைய மிரர்களில் தையல் பட்டைகள் தோல் உரிவதுபோல் உரிந்து வருவது இதனால்தான். நன்றாகச் சுரண்டிய பழைய பாலியெஸ்டரின்மேல் எபாக்ஸி ஒட்டும். எபாக்ஸியின்மேல் பாலியெஸ்டரை நம்பி வைக்க முடியாது. முந்தைய உரிமையாளர் எதைப் பயன்படுத்தினார் என்று தெரியாதபோது எபாக்ஸியே பாதுகாப்பான தேர்வு.

பாலியெஸ்டரில் பழகிய கைகள் எபாக்ஸியில் செய்யும் தவறு ஒன்று உண்டு. பாலியெஸ்டரில் வினையூக்கியின் அளவை ஒன்று, இரண்டு விழுக்காட்டுக்குள் கூட்டிக் குறைத்து இறுகும் நேரத்தை மாற்றலாம். எபாக்ஸியில் கடினமாக்கி என்பது வினையூக்கி அன்று, பிசினோடு வினைபுரிந்து கலவையில் ஒன்றாகிவிடும் பங்காளி; குறித்த விகிதத்தைவிடக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, என்றென்றைக்கும் பிசுபிசுப்பாகவே நிற்கும். விரைவு வேண்டுமென்றால் விரைவுக் கடினமாக்கியைத் தனியாக வாங்க வேண்டும். பெரிய கிண்ணத்தில் நிறையக் கலந்து வைத்தால் கலவை தன் வெப்பத்தாலேயே கொதித்துப் புகையும். சிறிது சிறிதாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பிக்கொள்ள வேண்டும். இறுகிய எபாக்ஸியின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். அதை நீரால் கழுவாமல் நேரே உப்புத்தாள் போட்டால் படலம் பள்ளங்களுக்குள் தேய்ந்து இறங்கி, அடுத்த பூச்சு ஒட்டாமல் போகும். கலவையில் சேர்க்கும் தூள்களிலும் குழப்பம் கூடாது: சிலிக்கா தூள் சேர்த்தது ஒட்டுவதற்கு, நுண்ணிய குமிழித்தூள் சேர்த்தது பட்டி பார்ப்பதற்கு. பட்டியால் பலகையை ஒட்டினால் முதல் பலத்த காற்றில் தெரிந்துவிடும்.

வெறும் மரத்துக்கு முதல் எபாக்ஸிப் பூச்சைக் காலையில் பூசுவதும் தவறு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறிப் பூச்சில் குமிழிகளை எழுப்பும். மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசினால் மரம் பிசினை உள்ளிழுத்துக்கொள்ளும். கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடுவதும், கையில் பட்டதைத் தின்னரால் கழுவுவதும் உடலுக்குச் செய்யும் கேடு. ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் விலகாது. 1960களின் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் பழைய வண்ணத்தை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும்.

முழுதாக மூடிவிடும் ஆசை

எல்லாப் பழுதையும் ஒரே போர்வையில் மறைத்துவிடலாம் என்று வெளிப்புறம் முழுவதும் கண்ணாடியிழை போர்த்துவதைத்தான் இந்தத் தவறுகளில் தலையாயதாகக் கருதுகிறேன். நன்றாகக் காய்ந்த, நல்ல மரத்தின்மேல், எபாக்ஸியால், மெல்லிய துணி போர்த்துவது வேறு. ஈரம் பாய்ந்த மரத்தின்மேல் போர்த்தினால் நீர் வெளியேற இருந்த ஒரே முகமும் அடைபட்டுப்போகும்; வெளியே பளபளப்பாகவும் உள்ளே தூளாகவும் ஆன படகே மிஞ்சும். எடையும் கூடும்: இருவர் தூக்கிச் செல்லக்கூடிய படகு, நால்வரைத் தேடும் படகாகிவிடும்.

எபாக்ஸி பூசியதோடு வேலை முடிந்தது என்று வெயிலில் விடுவதும் தவறே. சூரியனின் புற ஊதாக் கதிர் எபாக்ஸியைச் சுண்ணாம்புபோல் ஆக்கிவிடும். அதன்மேல் வண்ணமோ, கதிர்த்தடுப்புள்ள வார்னிஷோ கட்டாயம் வேண்டும். டப்பாவிலிருந்து நேரே பூசும் பழைய ஒற்றைக்கலவை வண்ணத்தின்மேல், கடினமாக்கி கலந்து பூசும் இரட்டைக்கலவை வண்ணத்தைப் பூசினால், அதன் கரைப்பான் அடியிலுள்ளதை இளக்கிச் சுருக்கம் சுருக்கமாக எழுப்பிவிடும். வீட்டில் வேலை செய்பவருக்கு ஒற்றைக்கலவையே போதும். பாய்மரம் போன்ற மரக்கொம்புகளின் வார்னிஷுக்கு எஃகுக் கம்பளியைத் தொடவே கூடாது; அதன் துணுக்குகள் மரத்தில் சிக்கித் துருப்புள்ளிகளாக மலரும்.

இணைப்புப் பொருள்களைத் திரும்பப் பொருத்தும்போது குளியலறைச் சிலிக்கோனைப் பயன்படுத்தினால், அது தொட்ட இடத்தில் பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது. ஒவ்வொரு திருகாணித் துளையையும் பெரிதாக்கி, எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் மீண்டும் துளையிட்டால், நீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. சலிப்பான வேலைதான், ஒட்டுப்பலகைப் படகில் இதைவிடப் பலன் தரும் வேலை எனக்குத் தெரியவில்லை.

பாயும் கயிறும்

பாயைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போடக் கூடாது. அது துணிக்கு விறைப்பைத் தரும் பூச்சை உடைத்துவிடும். இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும். துணிக்கு முன் தையல்நூல் வெயிலில் நைந்துபோவதால், நூலைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பொடிந்தால் மறுதையல் தேவை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுக் கம்பியையும் மாற்றிவிட வேண்டும். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு மலிவானது; அதைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிடப் புதிதாக வாங்கிவிடலாம்.

வேலை முடிந்த பிறகு

காற்றறைகள் காற்றுப்புகாமல் இருக்கின்றனவா என்று அழுத்தக்காற்று இயந்திரத்தால் சோதித்துத் தையலை வெடிக்கவைத்தவர்கள் உண்டு. ஒரு குழாய் வழியே வாயால் ஊதும் காற்றே போதும். தையல்களின்மேல் சோப்புநீரைத் தூரிகையால் தடவினால் ஒழுகும் இடம் குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமல் நடுநீருக்குப் போனால், ஒரு பக்க அறை மட்டும் நிரம்பிய படகு கவிழ்ந்த பின் நிமிர மறுக்கும்.

படகைக் கரையேற்றியதும் அறைகளின் மூடிகளைத் திருகி மூடிவைப்பது பலரின் பழக்கம், திறந்துவைப்பதே முறை. தார்ப்பாய் நடுவில் குழிந்து குளமாகாதபடி, அடியில் ஒரு கம்பை முகடுபோல் நிறுத்தி, இரு முனைகளிலும் காற்று நுழைய இடம்விட்டுக் கட்ட வேண்டும். அணியத்தைச் சற்று உயர்த்தி வைத்து, கடையால் பலகையின் வடிதுளைத் தக்கையை எடுத்துவிட வேண்டும். முதல் பயணத்தை ஆழமில்லாத இடத்தில் செய்து, படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திக் கரைக்குக் கொண்டுவந்த பின், ஒவ்வோர் அறையிலிருந்தும் எத்தனை குவளை நீர் வந்தது என்பதை அந்தந்த மூடியின் உட்புறத்தில் பென்சிலால் தேதியோடு எழுதிவைக்கலாம்; அடுத்த ஆண்டு அந்த எண் கூடியிருந்தால், எந்தத் தையலைத் திறந்து பார்ப்பது என்று தேட வேண்டியிருக்காது.