பச்சை டிக்கை நம்பாதீர்கள்: ஏஐ கொண்டு கோட் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் கோடைப் பார்த்துத் திருத்துவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. கொழும்பில் இப்போது கர்சரோ, கோபைலட்டோ, கிளாட் கோடோ, ஏதாவது ஒரு ஏஐ கருவி இல்லாமல் வேலை செய்யும் பயிலுநரைக் காண்பது அரிது. அதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை, நானும் தினமும் பாவிக்கிறேன். ஆனால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் இருந்து கோடை எடுத்து ஒட்டிய காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள், விழும் வேகம் மட்டும் கூடியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏபிஐ சாவியை கிட்ஹப்பில் போடக்கூடாது, பேக்கப் எடுக்க வேண்டும், புரியாத கோடை மெர்ஜ் செய்யக்கூடாது, இவையெல்லாம் எங்கேயும் படிக்கலாம். விட்டுவிடுகிறேன்.

கோடையும் டெஸ்டையும் ஒரே மூச்சில் எழுதச் சொல்வது

இது எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தரும் தவறு, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன்.

டெஸ்ட் என்பது கோட் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் இன்னொரு கோட். "இந்த ஃபங்ஷனை எழுது, அதற்கு டெஸ்டும் எழுது" என்று ஒரே வரியில் கேட்பார்கள். இரண்டும் வரும். ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். கவரேஜ், அதாவது டெஸ்ட் ஓட்டிப் பார்த்த கோடின் அளவு, நூறு சதவீதம். கோடைச் சேர்க்க அனுமதி கேட்கும் புல் ரிக்வெஸ்டில் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்ததும் பார்ப்பவரின் கண்ணும் கொஞ்சம் தளர்ந்துவிடும். தானே வினாத்தாள் போட்டு, தானே விடை எழுதி, தானே திருத்திய மாணவனுக்கு நூறு மார்க் கிடைத்த மாதிரிதான் இது. ஏஐ விஷயத்தைப் பிழையாகப் புரிந்துகொண்டிருந்தால் அதே பிழையான புரிதலில் இருந்துதான் டெஸ்டும் பிறக்கும். அப்போது டெஸ்ட் பிழையைப் பிடிப்பதில்லை, அந்தப் பிழைக்குக் காவல் நிற்கிறது.

நம் நாட்டு உதாரணமே சொல்கிறேன், அடையாள அட்டை இலக்கம். இங்கே வங்கி, காப்புறுதி, வைத்தியசாலை என்று எந்த மென்பொருள் செய்தாலும் ஒருநாள் இந்த இலக்கத்தில் இருந்து பிறந்த திகதியை எடுக்கும் கோட் தேவைப்படும். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 இல் வந்த புதிய இலக்கத்தில் பன்னிரண்டு எண்கள், ஆண்டு முழுதாக நான்கு எண்களில் வரும், நாள் கணக்கு அதே முறைதான்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். சிக்கல் அந்த மூன்று எண்களுக்குள் இருக்கிறது. அடையாள அட்டைக் கணக்கில் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். லீப் ஆண்டா இல்லையா என்று அந்த முறை பார்ப்பதே இல்லை. 1985 மார்ச் 1 இல் பிறந்தவரை எடுங்கள். நாட்காட்டிப்படி அது ஆண்டின் 60 ஆவது நாள், அடையாள அட்டையிலோ 61 என்று இருக்கும், பெண்ணாக இருந்தால் 561. ஏஐ பெரும்பாலும் என்ன எழுதும்? ஜனவரி 1 ஐ எடு, 60 நாள் கூட்டு, திகதி தயார். விடை மார்ச் 2. ஒரு நாள் பிழை. லீப் அல்லாத ஆண்டில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த ஒவ்வொருவருக்கும் இதே ஒரு நாள் பிழை வரும். டிசம்பர் 31 இல் பிறந்தவருக்கு ஆண்டே மாறி அடுத்த ஜனவரி 1 ஆகிவிடும்.

நான் பார்த்த சம்பவம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்குச் செய்த வேலையில் நடந்தது. பயிலுநராக இருந்த ஒரு தம்பி இந்தப் பகுதியை ஏஐயிடம் கொடுத்து எழுதி எடுத்திருந்தார். டெஸ்டும் வண்டி வண்டியாக இருந்தது. அதில் ஒன்றின் பெயர் இன்னும் என் மனதில் நிற்கிறது: லீப் அல்லாத ஆண்டில் 366 வந்தால் நிராகரிக்க வேண்டும். படிக்க எவ்வளவு பொறுப்பான டெஸ்டாகத் தெரிகிறது! ஆனால் அடையாள அட்டை விதிப்படி அது டிசம்பர் 31 இல் பிறந்த உண்மையான மனிதரை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பும் டெஸ்ட். மறுபக்கம், லீப் அல்லாத ஆண்டில் வரவே கூடாத 60 என்ற எண்ணை அந்தக் கோட் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு மார்ச் 1 என்று சொல்லிக்கொண்டிருந்தது. தடுக்க வேண்டியதை விட்டு, விட வேண்டியதைத் தடுத்து, இரண்டுக்கும் பச்சை டிக்.

மட்டக்களப்புக் கிளையில் இருந்துதான் முதல் புகார் வந்தது. ஓர் அம்மா தன் பிறந்த திகதி பிழை என்று கவுண்டரிலேயே சொல்லியிருக்கிறார். காப்புறுதியில் வயதை வைத்துத்தான் கட்டணம், அதனால் ஒரு நாள் பிழை என்பது சிலருக்கு ஒரு வயது பிழை.

"அக்கா, டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே?" என்றார் தம்பி.

"அந்த டெஸ்டில இருக்கிற எதிர்பார்த்த விடை எங்க இருந்து வந்தது?"

"அது... அதையும் ஏஐதான் போட்டது."

"சரி, உங்கட ஐடியை எடுங்கோ."

அவருடைய இலக்கத்தைப் போட்டால் விடை சரியாகவே வந்தது. அவர் பிறந்தது 2000 இல், லீப் ஆண்டு. பக்கத்தில் இருந்தவர் 1993 ஆகஸ்ட்டில் பிறந்தவர், அவருடைய அட்டையைப் போட்டதும் ஒரு நாள் தள்ளி நின்றது. இதைக் கண்டுபிடிக்க ஏஐயும் தேவைப்படவில்லை, பெரிய அறிவும் தேவைப்படவில்லை. திகதி அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது. வீட்டில் உள்ள நாலு பேரின் அட்டையை வாங்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம், அதுதான் என் எரிச்சல்.

கோடைத் திருத்த ஒரு வரி போதும். ஆனால் அதற்குள் பதிந்துபோன தரவை என்ன செய்வது? எல்லாவற்றிலும் ஒரு நாள் குறைத்துவிடலாமே என்று உடனே தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. முடியாது. சில கிளைகளில் ஊழியர்கள் பிழையைக் கண்டு கையாலேயே திகதியைத் திருத்தி வைத்திருந்தார்கள், சில கிளைகளில் அப்படியே விட்டிருந்தார்கள். இப்போது எது திருத்தியது, எது திருத்தாதது? கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாள் குறைத்தால் சரியாக இருப்பதும் கெட்டுப்போகும். ஒவ்வொரு பதிவையும் மாற்றக் குறிப்போடு ஒப்பிட்டு, அச்சடித்துக் கொடுத்த ஒப்பந்தங்களைத் திரும்ப அச்சடித்து, வாடிக்கையாளருக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து... அந்த வேலையைச் செய்தவர்கள் கோட் எழுதியவர்கள் அல்ல, கிளைகளில் இருந்த பிள்ளைகள். பிழைக்கான விலையை அவர்கள்தான் கட்டினார்கள்.

ஏஐக்கு இந்த விதி அறவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. சில நேரம் சரியாகவே எழுதுகிறது, இன்னொரு நாள் கேட்டால் வேறு மாதிரி எழுதுகிறது. உலகம் முழுக்க உள்ள கோடில் "ஆண்டின் எத்தனையாவது நாள்" என்றால் நாட்காட்டிக் கணக்குத்தான், நம் ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கு அதில் ஒரு துளி. பெரும்பான்மைப் பழக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் அது சாயும். தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாமல் தகப்பன் பெயர் முன்னால் எழுத்தாக நிற்பதும் இதே வகைச் சிக்கல்தான். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகளைப் போட்டுவிட்டு அதற்கும் டெஸ்ட் எழுதித் தரும்.

அப்படியானால் எப்படிச் செய்வது? கோடைக் கேட்பதற்கு முன்பே எதிர்பார்க்கும் விடைகளை நீங்கள் எழுதி வையுங்கள், உங்கள் தலையில் இருந்தல்ல, வெளியில் உள்ள உண்மையில் இருந்து: அட்டை, பற்றுச்சீட்டு, பழைய கணக்குப் புத்தகம், வாடிக்கையாளர் கையால் கணக்கிட்டுத் தந்த தாள். ஐந்தாறு வரி போதும், ஆனால் ஓரங்களைத் தேடி எடுங்கள். இந்த விஷயத்தில் என்றால் பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31, லீப் ஆண்டில் ஒன்று, அல்லாத ஆண்டில் ஒன்று, ஒரு பெண், ஒரு பழைய இலக்கம். பிறகு ஏஐ எத்தனை டெஸ்ட் வேண்டுமானாலும் எழுதட்டும், உங்கள் வரிகளைத் தொட விடாதீர்கள். டெஸ்ட் தோற்றால் அது சில நேரம் கோடை விட்டுவிட்டு டெஸ்டில் உள்ள விடையை மாற்றி "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லும், அதனால் மாற்றங்களைக் காட்டும் டிஃபில் டெஸ்ட் கோப்பை முதலில் திறந்து பாருங்கள். இன்னொன்று, எல்லாம் பச்சையானதும் கோடில் வேண்டுமென்றே ஒரு பிழையை வையுங்கள், கூட்டல் இருக்கும் இடத்தில் கழித்தல் போடுங்கள். ஒரு டெஸ்டாவது சிவப்பாக மாறாவிட்டால் அந்தப் பச்சைக்கு அர்த்தம் இல்லை.

தனி உரையாடலில் டெஸ்ட் எழுதச் சொன்னால் போதாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் உதவும். ஆனால் மாடல் ஒன்றே என்றால் அனுமானமும் பெரும்பாலும் ஒன்றே.

கோடைப் பார்க்காமலே ஏஐயிடம் விட்டுவிடுவதற்கு "வைப் கோடிங்" என்ற சொல்லை 2025 பெப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனர்களில் ஒருவரான ஆந்த்ரே கார்பதி எழுதியபோது, எறிந்துவிடக்கூடிய வாரஇறுதி வேலைகளுக்கு இது பரவாயில்லை என்றுதான் அவரே சொன்னார். அந்தப் பகுதியை நம் பிள்ளைகள் படிப்பதே இல்லை. மற்றவர்களின் பிறந்த திகதி எறிந்துவிடக்கூடிய வேலை அல்ல.

இல்லாத பேக்கேஜை இன்ஸ்டால் செய்வது

பேக்கேஜ் என்பது மற்றவர்கள் எழுதிவைத்த கோட் தொகுப்பு. ஏஐ சில நேரம் உலகத்தில் இல்லாத பேக்கேஜ் பெயரைச் சொல்லும், அதுவும் திரும்பத் திரும்ப அதே பெயரை. பார் லன்யாடோ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அப்படி ஏஐ கற்பனை செய்த 'ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ' என்ற பெயரில் ஒரு வெற்றுப் பேக்கேஜைப் பைதன் களஞ்சியத்தில் ஏற்றி வைத்தார். மூன்று மாதத்தில் 30,000 தடவைக்கு மேல் அதைத் தரவிறக்கினார்கள், அலிபாபாவின் ஒரு திட்டத்தின் நிறுவல் குறிப்பிலேயே அந்தப் பெயர் இருந்தது. இவர் வெறும் பெட்டியை வைத்தார். அடுத்தவர் அதற்குள் என்ன வைப்பார் என்று யோசியுங்கள். இன்ஸ்டால் கட்டளையை அடிக்கும் முன் அந்தப் பேக்கேஜின் பக்கத்தைத் திறந்து யார் எழுதியது, எப்போது தொடங்கியது என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை.

ஏஜென்டிடம் உண்மையான டேட்டாபேஸைக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். ஏஜென்ட் என்பது தானே கட்டளைகளை ஓட்டும் ஏஐ. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற கோடிங் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், தொழில்முனைவர் ஜேசன் லெம்கினின் உண்மையான டேட்டாபேஸையே அழித்தது. வார்த்தையால் தடுப்பது தடுப்பல்ல, உரிமையை எடுத்துவிடுங்கள்.

பாமினிக் கோப்பை அப்படியே ஊட்டுவது

இது நம் ஊருக்கே உரிய தவறு. பாடசாலை, அச்சகம், அலுவலகம் என்று எங்கும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. திரையில் பார்க்கத் தமிழ், உள்ளே சேமித்திருப்பதோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். அதை அப்படியே ஏஐக்குக் கொடுத்து "சுருக்கித் தா" என்று கேட்டால், புரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக அழகான தமிழில் ஏதோ ஒன்றைக் கற்பனை செய்து தரவும் கூடும். படிக்க நன்றாக இருப்பதால் யாரும் மூலத்தோடு ஒப்பிடுவதில்லை, ஆபத்து அங்கேதான். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றியதை ஒரு மனிதர் ஒரு பக்கமாவது வாசிக்கட்டும்.

மாற்றிய பிறகும் ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு 'ொ' என்ற ஒரே குறியாக, அல்லது 'ெ', 'ா' என்று இரண்டு குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. கொழும்பு என்று தேடினால் பாதி முடிவுகள் வராததற்கு இது காரணமாக இருக்கலாம். சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிடுங்கள். அப்புறம், ஐம்பது எழுத்தோடு வெட்டு என்று ஏஐ எழுதித் தரும் கோட் 'கு' வில் உள்ள உகரக் குறியை வெட்டி 'க' வாக விட்டுவிடக்கூடும், சொல்லே மாறிப்போகும்.

வேகமாகப் போவதாக நினைப்பது

மெட்ர் என்ற ஆய்வு நிறுவனம் 2025 இல் அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை, அவர்களுக்கு நன்கு பழகிய திட்டங்களில், 246 வேலைகள் செய்ய வைத்துப் பார்த்தது. ஏஐ பாவித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. செய்து முடித்த பிறகும் அவர்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். இதை வைத்து ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சின்ன ஆய்வு, புதியவர்களுக்கு வேறு மாதிரியும் இருக்கலாம். ஆனால் "இரண்டு நாள் வேலையை இரண்டு மணித்தியாலத்தில் முடித்தேன்" என்று கூட்டத்தில் சொல்லும் முன், அதைத் திருத்த அடுத்த வாரம் போன நேரத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

வாடிக்கையாளர் தகவலைச் சாட்டில் ஒட்டுவது

வேண்டாம். அடையாள அட்டை இலக்கமும் அதில் சேரும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசியுங்கள்.

மாடலின் பெயரைக் கோடுக்குள் புதைப்பது

உங்கள் மென்பொருள் ஏதாவது ஓர் ஏஐ மாடலை அழைக்கிறது என்றால், அதன் பெயரைத் தனி அமைப்புக் கோப்பில் வையுங்கள். பழைய மாடல்களை நிறுத்தும் திகதியை நிறுவனங்கள் மின்னஞ்சலில் முன்கூட்டியே அறிவிக்கின்றன. அந்த மின்னஞ்சல், வேலையை விட்டுப்போன யாருடைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.