டிஜிட்டல் பழக்கத்தோடு பிலிம் கேமராவைத் தொடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வீட்டு அலமாரியில் கிடந்த பழைய பென்டாக்ஸோ யாஷிகாவோ, ஏதோ ஒரு பிலிம் கேமரா கையில் கிடைக்கிறது. ஒரு ரோல் வாங்கிப் போட்டுப் பார்ப்போமே என்று தோன்றுகிறது. இன்று பிலிம் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் போனிலோ டிஜிட்டல் கேமராவிலோ படம் எடுத்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் பாதி இங்கேயும் கைகொடுக்கும், மீதி ரோலைக் காலி செய்துவிடும். ரோல், டெவலப், ஸ்கேன் எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிற காலத்தில் எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

வெளிச்சக் கணக்கில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘சந்தேகம் வந்தால் கொஞ்சம் இருட்டாக எடு, அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்’ என்பது டிஜிட்டலில் ஊறிப்போன பாடம். டிஜிட்டலுக்கு அது சரியான பாடமும்கூட. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் மாதிரி, நிரம்பிய பிறகு விழுகிற வெளிச்சத்துக்குக் கணக்கே கிடையாது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் வெயில் விழுந்து மடிப்பு, நெசவு எல்லாம் வெறும் வெள்ளையாகிவிட்டால், எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. நிழல் பகுதியில் அப்படி இல்லை. இருட்டாகத் தெரியும் இடத்திலும் தகவல் ஒளிந்திருக்கும், ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால் தாராளமாக மேலே தூக்கலாம்.

கலர் நெகட்டிவ், அதாவது வெளிச்சம் பட்ட இடம் அடர்த்தியாகப் பதியும் வழக்கமான கலர் பிலிம், இதற்கு நேர் தலைகீழ். வெளிச்சம் கூடினால் நெகட்டிவ் இன்னும் அடர்த்தியாகும், அவ்வளவுதான். அந்த அடர்த்திக்குள்ளும் விவரம் இருக்கும். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) கூடிப்போனாலும் பெரும்பாலும் படம் தேறிவிடும். குறைந்தால்தான் ஆபத்து. நிழல் பகுதியில் பிலிமில் எதுவுமே பதியாமல் போயிருக்கும், ஸ்கேனில் வலிந்து ஏற்றினால் சேற்று நிறத்தில் குருணை குருணையாக வரும். ‘பிலிம் என்றாலே இப்படித்தான், மங்கலாக, பழைய காலத்து மாதிரி இருக்கும்’ என்று பலர் நினைப்பது உண்மையில் வெளிச்சம் போதாமல் எடுத்த படங்களைப் பார்த்துத்தான்.

மாமல்லபுரத்தில் வராக மண்டபத்தின் முன்னால் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தூண்களுக்கு முன்னே இருக்கும் பாறையில் நல்ல வெயில், உள்ளே சிற்பங்கள் நிழலில். எதிரே நின்று கேமராவின் மீட்டரை, அதாவது வெளிச்சம் அளக்கும் கருவியைப் பார்த்தால் வெயில் பட்ட பாறையே ஃபிரேமில் அதிகம் இருப்பதால் மீட்டர் அதற்குத்தான் அளவு சொல்லும். நெகட்டிவ் பிலிமில் அப்படியே எடுத்தால் சிற்பம் கருப்பில் மூழ்கும். அதனால் மண்டபத்துக்குக் கிட்டே போய், நிழலில் இருக்கும் சுவரால் ஃபிரேமை நிரப்பி அளவெடுங்கள். அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்து ஷட்டரையும் அப்பர்ச்சரையும் (லென்ஸ் துவாரத்தின் அளவு) வைத்துவிட்டு, திரும்பி வந்து எடுங்கள். மீட்டர் முள் அதிகம், அதிகம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். இருக்கட்டும், கண்டுகொள்ள வேண்டாம். அதே இடத்தில் டிஜிட்டல் கேமரா இருந்தால் வெயில் பட்ட பாறைக்கு அளந்து அதன் விவரத்தைக் காப்பாற்றிவிட்டு, உள்ளே இருப்பதைப் பிறகு தூக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எக்டாக்ரோம், வெல்வியா போன்ற ஸ்லைடு பிலிம்களுக்கு (நெகட்டிவ் போலத் தலைகீழாக இல்லாமல் நேரான நிறத்தில் படம் தருபவை) இந்தச் சலுகை இல்லை. அரை ஸ்டாப் கூடினாலே வெளிச்சமான இடங்களின் விவரம் போய்விடும். முதல் ரோலாக ஸ்லைடு வாங்காதீர்கள், விலையும் அதிகம், மன்னிப்பும் குறைவு.

அடுத்தது ஐஎஸ்ஓ, வெளிச்சத்துக்கு எவ்வளவு உணர்வு என்று சொல்லும் எண். டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் மாற்றலாம். பிலிமில் அது ரோலோடு வருகிற குணம். கேமராவின் மேல் இருக்கும் ஐஎஸ்ஓ டயல் பிலிமை எதுவும் செய்யாது, உள்ளே என்ன பிலிம் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்கிறது, அவ்வளவே. பாதி ரோலில் இருட்டிவிட்டது என்று அதை 400-லிருந்து 1600-க்குத் திருப்பினால், மீதி படங்கள் எல்லாம் இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதியும். ரோல் முழுவதையும் 1600-ஆகப் பாவித்து எடுத்துவிட்டு லேப்பில் ‘இரண்டு ஸ்டாப் புஷ்’ (கூடுதல் நேரம் டெவலப் செய்வது) என்று சொல்லலாம், பாதியில் மாற்ற முடியாது. இன்னொன்று, பிலிம் டப்பாவின் மேல் கருப்பும் வெள்ளியுமாகக் கட்டம் கட்டமாக இருக்கும் டிஎக்ஸ் குறியீடு 1983-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராக்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. புது ரோல் போட்டதும் டயலை நாமே திருப்ப வேண்டும், இல்லையென்றால் முந்தைய ரோலின் எண்ணிலேயே கிடக்கும்.

பகல் வெயிலில் 400 ரோலைப் போட்டுக்கொண்டு பின்னணியை மங்கலாக்க முயல்வதும் அடிக்கடி பார்க்கிற ஒன்று. அதற்கு லென்ஸ் துவாரம் அகலமாகத் திறக்க வேண்டும், எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது. கணக்கைப் பாருங்கள்: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய ஒன்றின் கீழ் ஐஎஸ்ஓ, அதாவது 1/400-க்கு அருகில் இருக்கும் 1/500 நொடி. பழைய கேமராக்களில் பலவற்றின் உச்ச வேகம் 1/1000. அதில் எஃப் 11 வரைதான் திறக்க முடியும். எஃப் 2 லென்ஸ் இருந்தும் பயனில்லை. நம்மூர் வெயிலுக்கு 100 அல்லது 200 போதும். வீட்டுக்குள்ளும் மாலையிலும் எடுப்பதற்கு 400.

நிறத்தையும் நினைவில் வையுங்கள். டிஜிட்டல் கேமரா விளக்குக்கு ஏற்ற மாதிரி வெள்ளையைத் தானே சரிசெய்துகொள்ளும். கடைகளில் கிடைக்கும் கலர் பிலிம் பெரும்பாலும் பகல் வெளிச்சத்துக்குச் செய்தது. குண்டு பல்பில் ஆரஞ்சும், பழைய டியூப் லைட்டில் பச்சையும் ஏறும்.

சரி, பிலிமை மாட்டுவதற்கு வருவோம். முப்பத்தாறு படமும் எடுத்து முடித்து, லேப்பிலிருந்து ‘ரோல் வெறுமையாக இருக்கிறது’ என்று போன் வருவதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான்: பிலிம் முனை வலப்பக்கச் சுருளில் பிடிக்கவே இல்லை. ஷட்டர் சத்தம் கேட்கும், எண்ணும் ஏறும், பிலிம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். முனையைச் சுருளின் பிளவில் செருகி, பிலிமை நகர்த்தும் லீவரை ஒரு முறை இழுத்து, பிலிமின் இரண்டு பக்கத் துளைகளிலும் பற்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பின்கதவை மூடுங்கள். பிறகு இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழை, அதன் அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்பித் தளர்வை எடுங்கள். இனி லீவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழும் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் உள்ளே எதுவும் நகரவில்லை.

முடிந்த ரோலைச் சுற்றும்போது கேமராவின் அடியில் இருக்கும் சிறு பட்டனை அழுத்த மறந்தால் குமிழ் முரண்டு பிடிக்கும். பலத்தைக் காட்டினால் பிலிம் கிழியும். முழுதும் சுற்றி முடிப்பதற்குள் கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எடுத்த படங்கள் பாழாகும். டிஜிட்டல் பழக்கத்தில் ‘எப்படி வந்திருக்கிறது பார்ப்போம்’ என்று கை தானாகப் பின்பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் கவனம்.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் பேட்டரியையும் பார்க்க வேண்டும். 60, 70-களின் சில மாடல்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தவை. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் போட்டால் சிலவற்றில் மீட்டர் தப்பாகச் சொல்லும். போனில் இருக்கும் லைட் மீட்டர் செயலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், செலவில்லாத வழி. பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் போயிருந்தால் வெளிச்சம் கசியும், மாற்றிவிடுங்கள்.

மலிவாக இருக்கிறதே என்று சினிமா பிலிமைச் சுருட்டிய ரோல்களை வாங்குவதும் இப்போது பரவலாகிவிட்டது. வாங்கலாம். ஆனால் அந்த பிலிம் பலவற்றின் முதுகில் ஒரு கருப்புக் கரிப் பூச்சு இருக்கும். சாதாரண சி-41 மெஷினில் (கலர் நெகட்டிவை டெவலப் செய்யும் வழக்கமான முறை) விட்டால் பூச்சு கரைந்து ரசாயனத்தைக் கெடுக்கும், மற்றவர்களின் ரோலையும் சேர்த்து. லேப்பில் கொடுக்கும்போது இது சினிமா பிலிம் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

வீட்டில் கிடைத்த காலாவதி ரோல்கள் வேறு கதை. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கருப்பு வெள்ளை ரோல் எங்காவது கிடந்தால் இன்றும் டெவலப் செய்து பார்க்கலாம், ஏதாவது வரலாம். கோடாக்ரோம் (கோடாக்கின் பழைய ஸ்லைடு பிலிம்) என்று எழுதியிருந்தால் கலரை மறந்துவிடுங்கள். உலகில் அதைக் கடைசிவரை கழுவிக்கொண்டிருந்த அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லேப் 2010 இறுதியில் நிறுத்திவிட்டது. கலர் நெகட்டிவ் பழசானால் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூட்டி எடுப்பது ஒரு கைக்கணக்கு. கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் அதை நம்பிப் போகாதீர்கள்.

விமானத்தில் போகிறீர்களா? பிலிமை லக்கேஜில் போடாதீர்கள், அங்கே எக்ஸ்ரே பலமானது. கைப்பையிலும் புது சிடி ஸ்கேனர் (பையைப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பது) பிலிமைக் கெடுக்கும். தனிக் கவரில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

எதிர்த் திசையில், பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு வந்த பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் வேறு தவறுகள் உண்டு. ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் போகப் பயந்து 1/15 நொடியில் எடுத்து ஆளை ஆட்டிவிடுவார்கள். பின்திரையின் வெளிச்சத்தை நம்புவார்கள். வெயிலில் திரை எப்போதும் இருட்டாகவும் இரவில் பளிச்சென்றும்தான் தெரியும், ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்த்தால் உண்மை தெரியும். ரா கோப்பு இல்லாமல் வெறும் ஜேபெக் மட்டும் வைத்துக்கொள்வதும், வேறெங்கும் காப்பி எடுக்காமல் கார்டை ஃபார்மேட் செய்வதும் அந்த வகைதான்.

கடைசியாக, லேப்பிலிருந்து ஸ்கேன் வந்துவிட்டது என்று நெகட்டிவை அங்கேயே விட்டுவிடாதீர்கள். லேப் அனுப்பும் ஜேபெக், அந்த மெஷின் அந்த நெகட்டிவைப் புரிந்துகொண்ட ஒரு விதம் மட்டுமே. நாளைக்கு நல்ல ஸ்கேனர் கிடைத்தால் அதே நெகட்டிவில் இன்னும் நிறைய எடுக்கலாம். பல லேப்களில் சில மாதத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். வாங்கி வந்து, ஆறு ஆறாக வெட்டிய துண்டுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சென்னை மாதிரி ஈரப்பதம் உள்ள ஊரில் லென்ஸுக்கும் அதே டப்பாதான்.