அறுபதைத் தாண்டியவர்களுக்கு வாட்ஸ்அப், பேஸ்புக் தேவையா? முதல் தடவை சேர்பவர்களுக்கு ஒரு செய்முறை

"இந்த வயசுல எனக்கு எதுக்குத்தா இதெல்லாம்?"

தங்கச்சிமடத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில், குவைத்தில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய புதுப் போனைப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தபோது அவர் கேட்டது இது. நியாயமான கேள்வி. எல்லாரும் இருக்கிறார்கள் என்பதற்காக நாமும் சேர வேண்டியதில்லை. அதனால் போனை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

யாரோடு பேச வேண்டும்?

நீங்கள் பேச ஆசைப்படுகிற, ஆனால் அடிக்கடி பேச முடியாத ஆட்களின் பெயரைத் தாளில் எழுதுங்கள். பெரியம்மா தாளில் ஐந்து பெயர் வந்தது: குவைத் மகன், திருப்பூர் மகள், கல்லூரிக்குப் போகும் பேத்தி, தொண்டியில் இருக்கும் தம்பி. ஐந்தாவது பெயரைச் சொல்லத் தயங்கித்தான் சொன்னார். 1990-ல் இலங்கையில் இருந்து மண்டபம் முகாமுக்கு வந்து, சில வருடம் கழித்துக் கனடாவுக்குப் போய்விட்ட தோழி அவர்.

இப்படித் தூரத்து ஆட்கள் இரண்டு மூன்று பேராவது இருந்தால் சேருங்கள், பலன் உண்டு. எழுதிய எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தால் சாதாரண போனே போதும். அப்படிப்பட்டவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

வாட்ஸ்அப்பில் இருந்து தொடங்குங்கள்

முதல் மாதம் வாட்ஸ்அப் மட்டும் போதும். சிம் கார்டு உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கிற நம்பராக இருக்கட்டும். நம் ஊரில் பல வீடுகளில் அம்மாவின் சிம் மகன் பெயரில் இருக்கிறது, போனும் அவரோடு கடலுக்குப் போய்விடுகிறது. ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்ட நம்பர் பிறகு வேறு ஒருவருக்குப் போய்விடக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள்.

பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப்பை இறக்கி, நம்பரைக் கொடுத்தால் ஆறு இலக்க எண் ஒன்று வரும். அந்த எண் வீட்டுச் சாவி மாதிரி. மகனே கேட்டாலும் போனில் சொல்லாதீர்கள், நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் அமைப்புகளுக்குள் போய் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். கண்ணாடி போட்டும் படிக்க முடியாமல்தான் நிறையப் பேர் இரண்டாம் நாளே போனை மூடி வைக்கிறார்கள்.

கதவைச் சாத்துவது

இதைச் செய்யாமல் யாருக்கும் ஒரு செய்தி கூட அனுப்ப வேண்டாம். தனியுரிமை என்ற பகுதியில் உங்கள் படத்தையும் 'கடைசியாகப் பார்த்தது' என்பதையும் உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். குரூப்பில் உங்களைச் சேர்க்கும் உரிமையையும் அப்படியே வையுங்கள். அதே பகுதியில், தெரியாத நம்பரில் இருந்து வரும் அழைப்பு மணி அடிக்காமல் செய்யவும் வழி இருக்கிறது. பிறகு கணக்கு என்ற பகுதிக்குப் போய் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்கப் பின் நம்பர் ஒன்றை வையுங்கள். பிறந்த வருடம் வேண்டாம். அந்த எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

குரலில் பேசுங்கள்

தட்டச்சு வரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் மைக் படம் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துப் பேசி, விரலை எடுத்தால் போய்விடும். அழுத்தியபடியே மேலே இழுத்தால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம்.

பெரியம்மா அனுப்பிய முதல் செய்தி ஒரே ஒரு வினாடி. "ஏ" என்று மட்டும் இருந்தது. அண்ணன் பதறிப்போய்க் கூப்பிட்டுவிட்டார். இரண்டாவதில் வெறும் இரைச்சல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் காற்றுதான் குவைத் போய்ச் சேரும். உள் அறைக்குப் போய், போனை வாயில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசினார். நகரை மீன் என்ன விலை, ரயில் வரும் நேரம், முருங்கை பூத்தது எல்லாம் சொல்லி மூன்று நிமிடம். குவைத் நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். இங்கே ஒன்பது மணிக்குப் பெரியம்மா படுக்கப் போகும்போது அங்கே ஆறரை, அண்ணன் வேலையில் இருப்பார். குரல் செய்தி காத்திருக்கும். சேர்ந்ததற்கு இது ஒன்றே போதும் என்று நான் நினைக்கிறேன்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை துபாயில் இருந்தால் வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் கிடைக்காது. உங்கள் போனில் கோளாறு இல்லை, அங்கே அதற்குக் கட்டுப்பாடு. குரல் செய்தி போகும்.

ஃபார்வேர்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு

நம் கரையில் இதன் வலி வேறு. ஒரு ராத்திரி, படகைப் பிடித்துவிட்டார்கள் என்று குரூப்பில் ஒரு படகு எண் வந்தது. அது எங்கள் எதிர்வீட்டு அக்காவின் கணவர் போயிருந்த படகு. அக்கா விடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. காலையில் படகு கரைக்கு வந்தது. எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அதை அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார்கள். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அதை அங்கேயே நிறுத்துங்கள். படகுச் செய்தி என்றால் மீனவர் சங்கத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பனில் கடல் உள்வாங்கிய வீடியோவைச் சுனாமி என்று அனுப்புவார்கள். சுனாமி எச்சரிக்கை கொடுப்பது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம், புயலுக்கு வானிலை ஆய்வு மையம். அங்கிருந்து வராததை நம்ப வேண்டாம்.

பணம்

பேரன் படத்தோடு புது நம்பரில் இருந்து "அவசரம், பணம் அனுப்புங்கள்" என்று வந்தால், பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால் துண்டித்துவிடுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

பேஸ்புக், தாளில் காரணம் இருந்தால்

எங்களுக்கு அந்த ஐந்தாவது பெயர் இருந்தது. கணக்குத் தொடங்கியதும், நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி சுயவிவரத்தைப் பூட்டினோம். பிறகு தோழியின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடினோம். அதே பெயரில் எத்தனையோ பேர். அவருடைய ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடியதில் அவர் தம்பி கிடைத்தார். அவருக்கு ஒரு செய்தி அனுப்பினோம்: முகாமில் பக்கத்து அறை யாருடையது, குழாயடியில் என்ன நடந்தது என்று பெரியம்மாவுக்கும் தோழிக்கும் மட்டும் தெரிந்த இரண்டு விஷயம். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. நீங்களும் இப்படித்தான் ஆளை உறுதி செய்ய வேண்டும், படத்தை வைத்து அல்ல.

ஒரு மாதம் கழித்துத் தாளைத் திரும்ப எடுங்கள். அதில் இருக்கும் ஆட்களுக்குச் சம்பந்தமில்லாத குரூப்களில் இருந்து வெளியேறுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தோழியின் நம்பர் கிடைத்ததும் பெரியம்மா பேஸ்புக் கணக்கை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். இப்போது அவரிடம் வாட்ஸ்அப் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கனடாவில் விடிந்ததும் கூப்பிடுவார்கள்.